போர், தடை, இணைய முடக்கம்: பல நாட்டு மாணவர்கள் படிக்கும் இணையவழிப் பாடத்தில் முன்கூட்டியே எதை மாற்றி வைப்பது?

தொலைவகுப்பு கேட்டது:

வணக்கம். 12 வாரப் புள்ளியியல் பாடம். வாரம் இரண்டு நேரலை வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். வகுப்புப் பதிவுகள் யூடியூப்பில், பயிற்சிக் கோப்புகள் கிட்ஹப் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தில், தேர்வுகள் மூடில் என்ற திறமூலப் பாட மென்பொருளில். முடித்தவர்களுக்குச் சான்றிதழ். கட்டணம் மாதாமாதம் கார்டு வழியாக.

சேர்பவர்கள் பல கண்டங்களில் இருக்கிறார்கள். போர், பொருளாதாரத் தடை, போராட்டத்தை அடக்க இணைய முடக்கம், திடீர் விசா விதி என்று எதுவும் பாடத்தின் நடுவே வரலாம். இவற்றில் எது பாடத்தையே நிறுத்திவிடும், எது சமாளிக்கக்கூடிய தொல்லை? முதல் வாரத்துக்கு முன்பே எதையெல்லாம் மாற்றி வைக்க வேண்டும்? "எல்லாரும் வி.பி.என். (வேறு நாட்டு சர்வர் வழியாகச் சுரங்கம்போல இணைக்கும் மென்பொருள்) போட்டுக்கொள்ளுங்கள்" என்பதைத் தவிர வேறு பதில் வேண்டும்.

---

கடலடி பதில்:

இணையம் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். தடை, பணம் பற்றித் தெரிந்தவர்கள் தனியாக எழுதட்டும்.

"இணையம் போய்விட்டது" என்று மாணவர் சொல்வதற்குள் நான்கு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். மருந்தும் நான்கு.

முதலாவது, முழு முடக்கம். 2019 நவம்பரில் ஈரான், 2024 ஜூலையில் வங்கதேசம், 2025 செப்டம்பர் 29 முதல் இரண்டு நாள் ஆப்கானிஸ்தான். வங்கதேசத்தில் தரைவழி இணைப்பு சுமார் ஐந்து நாளில் ஓரளவு திரும்பியது. மொபைல் இணையம் வர ஜூலை 28 ஆகிவிட்டது. இங்கே வி.பி.என். எதற்கும் உதவாது, ஏனென்றால் சுரங்கம் தோண்ட மண்ணே இல்லை. மாணவரின் கருவியில் ஏற்கெனவே இறங்கியிருப்பது மட்டுமே பாடம். ஆகவே எந்த நாளிலும் அடுத்த இரண்டு வாரப் பாடம் அவர் கையில் இருக்கும்படி வெளியீட்டை முன்தள்ளி வையுங்கள். "ஒவ்வொரு திங்களும் ஒரு பாடம் திறக்கும்" என்ற பூட்டுதான் இந்த நேரத்தில் முதல் எதிரி.

இரண்டாவது, வேகக் குறைப்பு. காஷ்மீரில் 2020 ஜனவரியில் 2ஜி மட்டும் திரும்பக் கிடைத்தது. 4ஜி முழுதாக வந்தது 2021 பிப்ரவரியில். ஓராண்டுக்கு மேல் மாணவர்கள் 2ஜியில்தான் வகுப்பு கேட்டார்கள். கணக்கைப் பாருங்கள். வினாடிக்கு 300 கிலோபிட்டில் சுருக்கிய ஒரு மணி நேர வீடியோ 135 எம்.பி. அதே வகுப்பின் குரல் மட்டும், ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில் 24 கிலோபிட்டில், 10.8 எம்.பி. வினாடிக்கு 100 கிலோபிட் கிடைக்கும் 2ஜி இணைப்பில் குரல் கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். வீடியோவுக்கு 3 மணி நேரம், அதுவும் நடுவில் அறுபடாமல் இருந்தால். குரல் கோப்பு ஒன்று, ஸ்லைடுகளின் பி.டி.எஃப். ஒன்று, ஸ்லைடு எண்ணைப் பேச்சிலேயே சொல்லும் பழக்கம் ஒன்று: இந்த மூன்றும் இருந்தால் வீடியோ இல்லாமலே புள்ளியியல் நடத்தலாம். ஸ்லைடு எண்ணைச் சொல்லாமல் "இதோ இங்கே பாருங்கள்" என்று பேசிய பதிவு, குரலாக மாறியதும் குப்பை.

உங்கள் 24 வகுப்பும் சேர்த்து வீடியோ 3.24 ஜி.பி., குரல் 260 எம்.பி.க்கும் குறைவு. 8 ஜி.பி. பென் டிரைவில் இரண்டும் அடங்கும்.

மூன்றாவது, குறிப்பிட்ட தளங்களை மட்டும் மூடுவது. 2025 செப்டம்பர் 4-இல் நேபாளம் 26 சமூக ஊடகத் தளங்களை ஒரே ஆணையில் மூடியது. யூடியூப், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் மூன்றும் அதில் உண்டு. சில நாளில் தடை விலக்கப்பட்டது. ஆனால் வீடியோ யூடியூப்பில், அறிவிப்பு வாட்ஸ்அப்பில், உள்நுழைவு ஃபேஸ்புக் கணக்கில் என்று வைத்திருந்த பாடம் மூன்று காலும் ஒன்றாக ஒடிந்த நாற்காலி. அதனால் ஒவ்வொன்றுக்கும் வேறு நிறுவனத்தின் மாற்று ஒன்று இருக்கட்டும். அறிவிப்புக்கு மின்னஞ்சல்தான் இன்றும் கடைசி வரை தாக்குப்பிடிக்கிறது.

இங்கே அதிகம் பேர் தவறவிடுவது உள்நுழைவுப் பக்கம். பாடத் தளம் திறந்திருக்கும். ஆனால் பக்கத்தில், வருபவர் மனிதரா எந்திரமா என்று சோதிக்கும் கூகுளின் ரீகாப்சாவோ கூகுள் சர்வரிலிருந்து வரும் எழுத்துருவோ இருக்கும். கூகுள் மூடப்பட்ட சீனா போன்ற இடங்களில் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும், மாணவர் தளம் செத்துவிட்டது என்று நினைப்பார். ரீகாப்சாவை ரீகாப்சா.நெட் முகவரியிலிருந்து அழைக்கும்படி மாற்றலாம், கூகுளே அந்த வழியைத் தருகிறது. எழுத்துருக்களை உங்கள் சர்வரிலேயே வையுங்கள். எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யை நம்பாதீர்கள்: நெருக்கடியில் வெளிநாட்டு எஸ்.எம்.எஸ். வராமல் போவது சகஜம். 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு நெட்வொர்க்கே தேவையில்லை, கடிகாரம் சரியாக இருந்தால் போதும்.

நான்காவது, கடலடிக் கேபிள் அறுவது. 2024 பிப்ரவரி 18-இல் ஹூதி தாக்குதலில் சிக்கிய ரூபிமார் கப்பல், நங்கூரம் இழுபட மிதந்தபடி செங்கடலில் ஏஏஇ-1, சீகாம், ஈஐஜி கேபிள்களை அறுத்தது. ஏமன் கடற்பரப்பில் பழுதுபார்க்க அனுமதி வாங்குவதே அரசியலாகி, வேலை மாதக்கணக்கில் இழுத்தது. 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே மறுபடி கேபிள்கள் அறுந்தபோது மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷ்யூரின் வாடிக்கையாளர்களுக்குத் தாமதம் கூடியது. இணையம் இருக்கும், ஆனால் சுற்றுவழி. கண்ணாடி இழையில் ஒளி 1,000 கி.மீ. போய்த் திரும்ப 10 மில்லி விநாடி. ஆப்பிரிக்காவைச் சுற்றி 10,000 கி.மீ. கூடினால் போய்த் திரும்ப 100 மில்லி விநாடி அதிகம், அத்துடன் மிச்சமிருக்கும் வழிகளில் நெரிசல். பதிவுகளுக்கு இது பொருட்டல்ல. நேரலையில்தான் ஒருவர் பேச்சில் இன்னொருவர் விழுவார்: ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு.வின் பரிந்துரை. அப்படிப்பட்ட வாரங்களில் வாய்க்கேள்வியை நிறுத்திவிட்டு எழுத்து அரட்டைக்கு மாற்றுங்கள்.

---

விதிவிலக்கு பதில்:

கடலடி சொன்னதெல்லாம் ஊருக்கே தெரியும் வகை. மாணவர் இருட்டில் இருக்கிறார் என்பது செய்தியில் வரும். பொருளாதாரத் தடை வேறு மாதிரி. மாணவரின் இணையம் நன்றாக இருக்கும், அவர் கணக்கு மட்டும் திறக்காது. "எது பாடத்தை நிறுத்தும்" என்று கேட்டால் என் பதில் இதுதான். முடக்கம் பெரும்பாலும் நாட்களில் முடியும். தடை ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

எடுத்துக்காட்டு: 2014 ஜனவரி இறுதியில் இணையவழிப் பாடங்கள் நடத்தும் கோர்ஸ்எரா நிறுவனம், அமெரிக்கத் தடைச் சட்டத்தால் ஈரான், கியூபா, சூடான் மாணவர்களுக்குப் பாடங்களை மூடியது. சிரியாவும் அதில் இருந்தது; ஒரு விதிவிலக்கு பொருந்தும் என்று தெரிந்ததும் அதை மட்டும் சீக்கிரம் திறந்தார்கள். இதே வகைத் தளமான எட்எக்ஸ் தனி உரிமம் கேட்டு வாங்கியது, ஆனால் எம்.ஐ.டி.யின் விமானக் காற்றியக்கவியல் பாடத்துக்கு மட்டும் அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், தடைகளை நிர்வகிக்கும் அமெரிக்க நிதித்துறையின் ஓஃபாக் அலுவலகம் ஈரானுக்கென்று பொது உரிமம் ஜி வெளியிட்டது: இளநிலை அளவில் மானுடவியல், சமூக அறிவியல், சட்டம், வணிகப் பாடங்கள் நடத்தலாம், அறிவியல், பொறியியல், கணிதம் என்றால் அந்தப் பட்டப்படிப்புகளுக்கு வேண்டிய அறிமுகப் பாடங்கள் மட்டும். ஆகவே உங்கள் புள்ளியியல் "அறிமுகம்" என்ற எல்லைக்குள் இருக்கிறதா, முதுநிலை எந்திரக் கற்றலுக்குள் நுழைகிறதா என்பது வெறும் பாடத்திட்டக் கேள்வி இல்லை.

இதன் அடியில் இருக்கும் தர்க்கத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 1988-இன் பெர்மன் திருத்தம் முதல் அமெரிக்கத் தடைச் சட்டம் "தகவல் பொருள்" என்பதைத் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. முழுதாக முடிந்து, யாருக்கும் பொதுவாக வெளியிடப்பட்ட நூலும் வீடியோவும் அந்தப் பக்கம். நேரலையில் கற்பிப்பது, விடைத்தாள் திருத்துவது, சான்றிதழ் கொடுப்பது எல்லாம் "சேவை", அது இந்தப் பக்கம். ஒரே பாடத்துக்குள் இந்தக் கோடு ஓடுகிறது. அதனால் பாடத்தை இரண்டு அடுக்காகப் பிரியுங்கள்: உள்நுழைவே இல்லாமல் யாரும் இறக்கிக்கொள்ளும் திறந்த அடுக்கு ஒன்று, பதிவு செய்தவர்களுக்கான சேவை அடுக்கு ஒன்று. இரண்டாவது ஒருவருக்கு மூடினாலும் முதலாவது அவர் கையில் நிற்கும்.

நிறுவனங்கள் சட்டம் கேட்பதைவிட ஒரு முழம் அதிகமாகவே மூடும். அபராத பயம்தான் காரணம். 2019 ஜூலையில் கிட்ஹப், கிரீமியா, ஈரான், சிரியா பகுதிக் கணக்குகளைக் கட்டுப்படுத்தியபோது தனியார் ரெப்போக்களும் (அனுமதி பெற்றவர் மட்டும் பார்க்கும் கோப்புக் களஞ்சியங்கள்) கட்டணக் கணக்குகளும் முடங்கின. பொது ரெப்போக்கள் திறந்தே இருந்தன. ஈரானுக்கு உரிமம் கிடைத்தது 2021 ஜனவரியில். பாடம் இதுதான்: பயிற்சிக் கோப்புகளைப் பொது ரெப்போவில் வையுங்கள், மாணவர் விடைகளைத் தனியார் ரெப்போவில் கேட்காதீர்கள். ஒவ்வொரு பதிப்பையும் ஜிப் கோப்பாக மூடிலிலும் போட்டுவிடுங்கள்.

வி.பி.என். இங்கே ஆபத்து. தடை செய்யப்பட்ட பகுதியின் ஐ.பி. முகவரியில் ஒரு முறை தெரிந்த கணக்கு சந்தேகத்துக்குரியதாகக் குறிக்கப்படும், பயணத்தில் இருந்தவர்கள்கூட மாட்டியிருக்கிறார்கள். அதை மறைத்துக் கட்டணம் கட்டினால் பயன்பாட்டு விதிமீறலும் சேரும். பிறகு சான்றிதழுக்கு அடையாள அட்டை கேட்கும்போது உண்மை நாடு வெளியே வரும், 12 வார உழைப்பு போகும்.

பணம். 2022 மார்ச் 5-இல் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யச் செயல்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தன. சில நாளில் ரஷ்ய வங்கிகள் கொடுத்த கார்டுகள் வெளிநாட்டுத் தளங்களில் செத்துப்போயின. போர் இல்லாமலும் இது நடக்கும்: அந்நியச் செலாவணி வறண்ட எகிப்தில் 2023 அக்டோபரில் வங்கிகள் உள்நாட்டு டெபிட் கார்டுகளை வெளிநாட்டில் பயன்படுத்துவதை நிறுத்தின. மாதாமாதம் தானே கழியும் சந்தாதான் இதில் முதலில் சாகும்: மூன்றாம் மாதக் கட்டணம் தோற்கிறது, மென்பொருள் கணக்கைப் பூட்டுகிறது, மாணவர் அதுவரை செய்த வேலைக்குள் போக முடியவில்லை. செய்ய வேண்டியவை எளியவை. கட்டணத்தை முழுப் பாடத்துக்கும் ஒரே தவணையாக வாங்குங்கள், அல்லது தோற்ற கட்டணத்துக்கு 30 நாள் சலுகை வைத்து, அப்போதும் படிக்கும் உரிமையை விட்டு, புதிய தேர்வுகளை மட்டும் நிறுத்துங்கள். திரும்பக் கொடுப்பதும் அதே கார்டு வழியில்தான் போகும், அதுவும் தோற்கும். ஆகவே "பணம் திரும்ப வராவிட்டால் அடுத்த பாடத்தில் இடம்" என்று விதிகளில் முன்பே எழுதுங்கள்.

---

தொலைவகுப்பு மீண்டும்:

இரண்டு அடுக்கு யோசனை பிடித்திருக்கிறது. அப்படியானால் மூடில், வீடியோ எல்லாவற்றையும் சொந்த சர்வருக்கு, திறமூல மென்பொருளுக்கு மாற்றிவிட்டால் தடைப் பிரச்சினை தீருமா?

---

மூடில்விசை பதில்:

தீராது, இடம் மாறும். சொந்த சர்வர் என்பது பெரும்பாலும் யாரோ ஒருவரின் கிளவுடில் வாடகை எந்திரம். டொமைன் பெயர் இன்னொருவரிடம், தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் டி.எல்.எஸ். சான்றிதழ் வேறொருவரிடம். 2022 பிப்ரவரி இறுதியில் டொமைன் விற்கும் நேம்சீப், ரஷ்ய வாடிக்கையாளர்களை டொமைன்களை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னது. மென்பொருளை ஓடத் தயாரான தொகுப்பாக (இமேஜ்) பகிரும் டோக்கர் ஹப் தளம் 2024 மே இறுதியில் ரஷ்யாவுக்கு மூடி, சில நாளில் திரும்பத் திறந்தது. அந்த நாட்களில் பயிற்சிக்கு டோக்கர் இமேஜ் இழுக்க வேண்டிய பாடங்கள் அப்படியே நின்றன. திறமூலத்தின் லாபம் வேறு: எடுத்துக்கொண்டு நடக்கலாம். ஆனால் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

அதற்கான சோதனை: மூடில் பாடத்தை எம்.பி.இசட். (மூடிலின் பேக்கப் வடிவம்) கோப்பாக பேக்கப் எடுங்கள். வேறு நாட்டில், வேறு நிறுவனத்தின் வெறும் சர்வரில் மீட்டுப் பாருங்கள். முதல் முறை உடைவது எப்போதும் மூன்று: தளத்தில் நிறுவிய பிளக்இன் (கூடுதல் வசதி மென்பொருள்) புதிய இடத்தில் இல்லை, பாடத்துக்கு வெளியே வைத்த கேள்வி வங்கி பேக்கப்பில் வரவில்லை, பக்கங்களில் பழைய டொமைனின் முழு முகவரியோடு ஒட்டிய படங்கள் தெரியவில்லை. மூன்றையும் சரிசெய்து இரண்டாம் முறை மீட்டுப் பார்த்தால்தான் அது பேக்கப்.

தேர்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மூடில் மொபைல் செயலியில் இணையம் இல்லாமல் தேர்வு எழுதலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு: தேர்வு அமைப்பில் ஆஃப்லைன் அனுமதியை இயக்க வேண்டும், நேர வரம்பு இருக்கக்கூடாது, ஐ.பி. முகவரிக் கட்டுப்பாடு இருக்கக்கூடாது, பின்னூட்டம் தாமதமாக வரும் முறையில் இருக்க வேண்டும். இணையம் இருக்கும்போதே மாணவர் தேர்வை இறக்கி வைத்திருக்கவும் வேண்டும். நேர வரம்பு வைத்தே ஆக வேண்டும் என்றால், தேர்வை ஒரு மணி நேரச் சாளரமாக வைக்காமல் 72 மணி நேரச் சாளரத்துக்குள் ஒரு மணி நேரமாக வையுங்கள். இராக்கில் தேசியத் தேர்வுக் காலத்தில் வினாத்தாள் கசியாமல் இருக்கக் காலை நேரங்களில் சில மணி நேரம் நாடு முழுக்க இணையத்தை அணைப்பது வழக்கமாகிவிட்டது. சிரியா, அல்ஜீரியாவிலும் நடந்திருக்கிறது. யாரோ எழுதும் தேர்வுக்காக உங்கள் மாணவரின் தேர்வு போவது விசித்திரம்தான், ஆனால் இந்த முடக்கத்தின் அட்டவணை பெரும்பாலும் முன்பே வெளியாகும், தவிர்ப்பது எளிது.

மின்தடையும் இதே கணக்கில் வரும். 2022 அக்டோபர் முதல் உக்ரைனின் மின்கட்டமைப்பு தாக்கப்பட்டபோது மணிக்கணக்கில் சுழற்சி முறையில் மின்சாரம் போனது. மொபைல் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான். ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில் வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவே மின்சாரம் வேண்டிய கருவி எதுவும் இல்லை. நிலையத்தில் ஜெனரேட்டர் இருந்து, வீட்டுப் பெட்டிக்கு பேட்டரி இருந்தால் இணையம் ஓடும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி 84 வாட்-மணி. பாதிக்குமேல் வடிக்காமல் வைத்தால் 10 வாட் இழுக்கும் ரூட்டர் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும்.

---

முத்திரை பதில்:

பாடம் பிழைத்தும் சான்றிதழ் செல்லாமல் போகலாம். இதற்குத் தொழில்நுட்ப வழியே கிடையாது.

2023 ஜனவரி 28-இல் சீனக் கல்வி அமைச்சகத்தின் மதிப்பீட்டு மையம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இணையவழியில் படித்த பட்டங்களுக்குப் பெருந்தொற்றுக் காலத்தில் கொடுத்த சலுகை முடிந்தது என்று அறிவித்தது. அடுத்த பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது ஏராளமானோர் விமானச்சீட்டும் விசாவும் தேடி ஓட வேண்டி வந்தது. அமெரிக்காவில் 2020 ஜூலை 6-இல் குடிவரவுத் துறை, முழுக்க இணையவழியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் நாட்டில் இருக்க முடியாது என்றது, ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் வழக்குப் போட்டதும் ஜூலை 14-இல் பின்வாங்கியது. எட்டு நாள் ஆணைதான். ஆனால் அந்த எட்டு நாளில் விமானம் ஏறிவிட்டவருக்கு அது எட்டு நாளாக முடிந்திருக்காது.

எனவே பதிவேட்டில் ஒவ்வொரு வகுப்புக்கும் முறையைக் குறித்து வையுங்கள்: நேரலையா, பதிவா, நேரடியா, எத்தனை மணி நேரம், யார் மதிப்பிட்டது. பின்னால் ஒரு நாடு "எவ்வளவு இணையவழி" என்று கேட்கும்போது இந்தத் தாள்தான் பேசும். சான்றிதழைத் தளத்தின் இணைப்பாக மட்டும் கொடுக்காதீர்கள், டிஜிட்டல் கையொப்பமிட்ட பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். தளம் மூடினால் இணைப்பு சாகும், கையொப்பத்தைத் தளம் இல்லாமலே சரிபார்க்கலாம்.

தரவுச் சட்டமும் அரசியல்தான். 2020 ஜூலை 16-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அமெரிக்காவுக்குத் தரவு அனுப்பும் பிரைவசி ஷீல்டு ஏற்பாட்டை ரத்து செய்தது. அதன் நிழலில்தான் 2022-இல் டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நகராட்சிப் பள்ளிகளில் கூகுள் ஒர்க்ஸ்பேஸுக்குத் தடை வந்தது. ரஷ்யா தன் குடிமக்கள் தரவை உள்நாட்டில் வைக்கச் சொல்லும் சட்டத்தின் பேரில் 2016 நவம்பரில் லிங்க்ட்இன் தளத்தையே மூடியது. சேர்க்கைப் படிவத்தில் தேவையில்லாத கேள்வி ஒவ்வொன்றும் இன்னொரு நாட்டின் சட்டத்துக்கு நீங்களே திறந்துவிடும் கதவு.

---

கடலடி மீண்டும்:

முத்திரை சொன்ன கடைசி வரியை ஒட்டி ஒன்று. சில இடங்களில் பாடம் நிற்பதைவிட, பாடம் படித்தது தெரிவதுதான் ஆபத்து. ஆப்கானிஸ்தானில் 2022 டிசம்பர் முதல் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் மூடியிருக்கிறது, இணையவழிதான் பலருக்கு மிச்சம். அனுமதியில்லாத வி.பி.என். குற்றமாகும் நாடுகளும் உண்டு. ஆகவே:

கேமரா கட்டாயம் வேண்டாம். வகுப்பில் தெரியும் பெயர் புனைபெயராக இருக்க விடுங்கள். உண்மைப் பெயர் சான்றிதழ்ப் பதிவேட்டில் மட்டும், அதுவும் தனி கோப்பில், மறைகுறியிட்டு. ஜூம் பதிவில் பங்கேற்பாளர் பெயர்களும் அரட்டையும் சேரும், வெளியிடும் முன் இரண்டையும் அணைத்து எடுத்த பதிப்பைத்தான் போட வேண்டும். வாட்ஸ்அப் குழு வேண்டவே வேண்டாம், ஒருவர் போன் பிடிபட்டால் எல்லார் எண்ணும் போகும்; ஒருவழி மின்னஞ்சல் பட்டியல் போதும், முகவரிகள் ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாதபடி பி.சி.சி.யில். வி.பி.என். போடுங்கள் என்று பாடக் குறிப்பில் எழுதாதீர்கள், அந்தக் காகிதமே சாட்சியாகிவிடும். வாரக்கணக்கில் காணாமல் போனவருக்கு "ஏன் வரவில்லை" என்று நினைவூட்டல் அனுப்பும் தானியங்கி விதி மூடிலில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

---

தொலைவகுப்பு:

தானியங்கி நினைவூட்டல் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இப்போது அணைத்துவிட்டேன். எம்.பி.இசட். மீட்புச் சோதனையில் கேள்வி வங்கி வரவில்லை, சொன்னபடியே. சரிசெய்துவிட்டு இரண்டாம் முறை மீட்டதும் இங்கே எழுதுகிறேன்.